‘ஓம்’ என்றேன், விமானம் திரும்பியது

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் பற்றி ஒரு கட்டுரை தரும்படி தை மாதமே கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் வரிசையாகக் கேட்டு வருகிறார்களாம். மருத்துவர் ஒருவர் எழுதிவிட்டார், கணக்காளர் ஒருவர் எழுதிவிட்டார். அடுத்தது, பிள்ளைகள் ‘ஐஸ் அன்ரி’ என்று சொல்கிற நான். பார்ப்போம் என்று சொல்லி இழுத்தடித்துவிட்டேன். அப்போதே எழுதியிருந்தால் இது வேறு கட்டுரையாக இருந்திருக்கும். போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் மகள் ஆரணி ஏறிப் போன சிறு விமானம் கிரீன்லாந்தின் பனிமேல் ஓரிடத்தில் நின்றுபோனது. அவளிடமிருந்து ஒரு சொல் வரும் என்று தொலைபேசியைப் பார்த்தபடி நானும் அவள் அப்பாவும் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் சமையலறையில் இருந்தோம். இப்போது எழுத உட்கார்ந்தால் எதைத் தொட்டாலும் கை அந்த நாளுக்கே போகிறது. ஆனாலும் முறைப்படி தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை எனக்கு விளங்கியது என் பழைய வேலையால்தான்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரவில் பெற்றோல் நிலையத்தில் நின்றுகொண்டு பகலில் மின்னணுவியல் படித்த எத்தனையோ பேரில் நானும் ஒருத்தி. முதலில் கப்பல்களுக்கு ரேடார் பழுது பார்க்கும் ஓர் இடத்தில் வேலை. பிறகு குறொய்டனில் ஒரு சிறிய நிறுவனம் ஆள் தேடியது. விமானத்திலிருந்து நிலத்தை அளப்பவர்கள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. நிலம் என்றால் பனிநிலம் என்பது நேர்முகத் தேர்வில்தான் தெரிந்தது. நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் இலக்க பஸ்ஸோ இருநூற்றைம்பதோ, எது முதலில் வருகிறதோ அதில் ஏறினால் போகக்கூடிய தூரம். அதனால் ஒத்துக்கொண்டேன். அந்த பஸ் என்னைக் கிரீன்லாந்து வரைக்கும் கொண்டுபோகும் என்று யார் கண்டார்கள்.

வேலை இதுதான். விமானத்தின் இறக்கைக்குக் கீழே அன்டெனாக்களைப் பூட்டி, பனியை நோக்கி வானொலி அலைகளை அனுப்புவோம். அலை மேற்பரப்பில் பட்டுக் கொஞ்சம் திரும்பும். மிச்சம் உள்ளே போய், அடியிலுள்ள ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஒவ்வோர் ஆண்டும் விழுந்த பனி முந்திய ஆண்டுப் பனிக்கு மேல் படிந்து இறுகிக் கிடக்கும். ரொட்டிக் கடையில் வீச்சு ரொட்டியை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டு வைத்திருப்பதைப் பக்கவாட்டில் பார்த்திருப்பீர்கள். எங்கள் திரையில் பனி அப்படித்தான் தெரியும். எந்த ஆண்டு எவ்வளவு விழுந்தது, எங்கே உருகியது, எங்கே வெடிப்பு மறைந்திருக்கிறது, எங்கே அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கோடுகளில் இருக்கும்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் மால்கம் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். நெட்டையான மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தேநீரை ஊற்றி வைத்துவிட்டு அது ஆறிப் பச்சைத் தண்ணீரான பிறகுதான் குடிப்பார். நாங்கள் படத்தைக் கொண்டுபோய் மேசையில் விரித்தால் தலையைச் சரித்துப் பார்ப்பார். பென்சிலின் பின்பக்கத்தால் ஒரு கோட்டில் இரண்டு தரம் தட்டுவார். பிறகு ஒரே ஒரு கேள்வி. “இது எங்கேயிருந்து வருகிறது?” இது என்ன என்று கேட்கவே மாட்டார். என்ன என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் எங்கேயிருந்து என்று தெரியவேண்டும் என்பார். லண்டனில் நான் வேலை செய்த இடங்களில், நீ எங்கேயிருந்து வருகிறாய் என்று என்னைக் கேட்காத ஒரே மேலதிகாரி அவர். அந்தக் கேள்வியை அவர் எதிரொலிகளிடம் மட்டுமே கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் அனுப்பும் அலை நேர்கீழே மட்டும் போவதில்லை, விரிந்து போகும். பக்கத்தில் ஒரு பாறை மேடு இருந்தால் அதிலும் பட்டுத் திரும்பும். பக்கத்திலிருந்து வருவதால் கொஞ்சம் தாமதமாக வரும். கருவிக்கு அது தெரியாது. தாமதமாக வந்ததையெல்லாம் ஆழத்திலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொண்டு பனிக்கு அடியில் ஒரு கோடு போட்டுவிடும். அசல் அடுக்கு போலவே இருக்கும். இதைப் பிரித்தறிய மால்கம் வைத்திருந்த வழி மிக எளியது. அதே பாதையில் வேறு உயரத்தில் இன்னொரு தரம் பறக்க வேண்டும். உயரம் மாறினால் பக்கத்திலிருந்து வரும் எதிரொலி படத்தில் இடம் மாறும். அடியில் உண்மையாக இருப்பது அசையாது. “உயரத்தை மாற்றிப் பார்த்தாயா?” என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. எரிபொருள் அளவோடுதான் இருக்கும் என்பதால் எல்லா இடத்திலும் இதைச் செய்ய முடியாது. சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் செய்வோம். கஷ்டம் என்னவென்றால், எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பது முதலிலேயே தெரிவதில்லை.

அவருக்கு இன்னொரு கட்டளையும் இருந்தது. என்ஜின் நிற்கும் வரை பதிவை நிறுத்தக் கூடாது. திரும்பி வரும்போது அளக்க ஒன்றுமில்லைதானே என்று புதிதாக வருபவர்கள் நிறுத்திவிடுவார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த நாள் அந்த ஆளை விமானத்தில் ஏற்றமாட்டார், அவ்வளவுதான்.

இனி அந்த வசந்த காலத்துக்கு வருகிறேன். ஆரணிக்கு அப்போது ஆறு வயது. வேறோர் ஆய்வுக் குழு கோடை முழுக்கப் பனிமேல் முகாம் அடித்துத் தங்கப் போகிறது, அதற்கு ஏற்ற இடம்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று எங்களிடம் கேட்டிருந்தார்கள். இடத்தை அவர்களே ஏறக்குறையத் தீர்மானித்திருந்தார்கள். ஒரு பாறை மேட்டுக்குப் பக்கத்தில், காற்று அதிகம் படாத, மேசை போன்ற சமதரை. நாங்கள் சரி என்றால் போதும்.

மால்கமுக்குக் காதில் தொற்று வந்து மருத்துவர் பறக்க விடவில்லை. முன்னால் விமானி கார்ல், பின்னால் திரைகளுக்கு முன் நான். இரண்டு பேர்தான். புறப்படும் முன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஆரணி சாப்பிடமாட்டேன் என்கிறாள், அம்மாவோடும் கதைக்கமாட்டாளாம் என்று கணவர் சொன்னார். ஒரு நிமிடமாவது கொடுங்கோ என்று கெஞ்சினேன். தூரத்தில் அவள் “அம்மா ஐஸோடையே இருக்கட்டும்” என்று சொன்னது மட்டும் கேட்டது. அந்த நினைப்போடுதான் விமானத்தில் ஏறினேன்.

முகாம் இடத்துக்கு மேலால் தாழப் பறந்தோம். பனிக்கு அடியில், அதிக ஆழமில்லாமல், பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில்தான் பாறை மேடு நிற்கிறதே. பக்கத்து எதிரொலி என்று குறித்துக்கொண்டேன். அந்த இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் குறித்திருப்பார்கள். அடுத்த பாதைக்குத் தொடரலாமா என்று காதுக் கருவியில் கார்ல் ஆங்கிலத்தில் கேட்டார். என் நாக்கு இன்னும் காலையில் பேசிய தொலைபேசியிலேயே இருந்தது. “ஓம்” என்றேன்.

விமானம் சரிந்தது. வெயில் ஒரு பக்கத்து யன்னலிலிருந்து மறுபக்கத்து யன்னலுக்கு மாறியது. தளத்தை நோக்கித் திரும்பி உயரம் எடுக்கத் தொடங்கினார்.

எனக்கு விளங்கவில்லை. வானிலையில் ஏதோ கண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். விமானி திரும்பினால் ஏன் என்று பின்னாலிருப்பவர் கேட்பதில்லை, அது எங்கள் வேலையில் ஒரு மரியாதை. அதே மாதிரி, பின்னாலிருப்பவர் போதும் என்றால் விமானியும் காரணம் கேட்கமாட்டார். வயிற்றைப் பிரட்டும், தலை சுற்றும், சொல்ல வெட்கப்படுவார்கள் என்று விட்டுவிடுவார். இப்படி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்காமல், எதற்கு என்று தெரியாமலே வந்த வழியே போய்க்கொண்டிருந்தோம். மால்கமின் கட்டளைப்படி நான் பதிவை நிறுத்தவில்லை.

திரும்பும் வழி முகாம் இடத்துக்கு நேர் மேலால் போனது. இந்தத் தரம் நல்ல உயரத்தில். திரையில் பாறை மேட்டின் மற்ற எதிரொலிகளெல்லாம் இடம் மாறியிருந்தன. அந்தப் பளிச்சென்ற கோடு மட்டும் முன்பு எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. அது பக்கத்திலிருந்து வரவில்லை, அடியிலிருந்து வருகிறது. அவ்வளவு பளிச்சென்று அலையைத் திருப்பி அடிக்கப் பனிக்குள் ஒன்றுக்குத்தான் முடியும். குளிர்காலம் முழுக்க உறையாமல், மேலே போர்வை மாதிரிப் பனியை மூடிக்கொண்டு கிடக்கிற தண்ணீர்.

தளத்தில் இறங்கியதும், காதில் பஞ்சோடு நின்ற மால்கம் ஏன் இவ்வளவு நேரத்தோடு என்று கேட்டார். அவள்தான் வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள் என்று கார்ல் சொன்னார். நான் தொடரலாம் என்றல்லவா சொன்னேன் என்றேன். இல்லை, தெளிவாக ‘ஹோம்’ என்றாய் என்றார் அவர். எனக்குத்தான் முதலில் வெளித்தது. எங்கள் ஊர்த் தமிழில் ‘யெஸ்’ என்பதற்கு ‘ஓம்’ என்போம் என்று விளக்கினேன். இன்னொரு தரம் சொல்லு என்றார் மால்கம். சொன்னேன். அவரும் சொல்லிப் பார்த்தார். கார்லும் சொல்லிப் பார்த்தார். இரண்டு பெரிய மனிதர்கள் பனிக்குள் நின்று மாறி மாறி ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்ததை அன்று யாராவது பார்த்திருந்தால் கோயிலுக்கு ஆள் சேர்க்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு படத்தை விரித்தோம். மால்கம் சிரிக்கவில்லை. பென்சிலால் இரண்டு தரம் தட்டினார். எங்கேயிருந்து வருகிறது? அடியிலிருந்து என்றேன். உயரத்தை மாற்றிப் பார்த்தாயா? பார்த்தேன், ஆனால் பார்க்க நினைத்துப் பார்க்கவில்லை என்றேன். கோட்டுக்கு அது தெரியாது என்றார்.

முகாம் குழுவின் தலைவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய பீப்பாய்களும் கூடாரங்களும் வந்து இறங்கிவிட்டன. வசந்தத்தில் பனி கல்லாகத்தானே இருக்கிறது, உங்கள் பின் ஆசனத்துப் பெண் ‘யெஸ்’ என்பதையே விளங்கச் சொல்லத் தெரியாதவள், கண்ணால் கண்டதை எப்படி நம்புவது என்று என் முன்னாலேயே கேட்டார். மால்கம் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, அவள் கண்டதை நானும் கண்டேன், அந்த இடத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். குரல் வழக்கம் போலவே இருந்தது. முகாமை மேலே ஒரு சரிவுக்கு மாற்றினார்கள். அந்த ஆடியில் செயற்கைக்கோள் படமொன்று வந்தது. முதலில் பார்த்த சமதரை இருந்த இடம் நீலமாக இருந்தது. மால்கம் அதை அச்செடுத்து என் மேசையில் வைத்திருந்தார். படத்துக்குக் கீழே பென்சிலால் ஆங்கில எழுத்தில் ‘ஓம்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு எவ்வளவோ ஆண்டுகள் அவர்களோடு பறந்தேன். நான் ஏதாவது சொன்னால், யெஸ்ஸா வீடா என்று கார்ல் கேட்காமல் விட்டதில்லை. அந்தக் கதை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சோறு போடவா என்று ஆரணியைக் கேட்டால் “ஓம்” என்பாள், சோற்றுக் கோப்பையைக் கொண்டுபோனால் “நான் ஹோம் எண்டுதான் சொன்னனான்” என்று ஓடிவிடுவாள். நான் இல்லாத வசந்தங்களில் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்குக் கொண்டுபோய், பரதநாட்டிய வகுப்பு வாசலில் காத்திருந்தவர் என் கணவர். அவருக்கு நான் இதுவரை எங்கும் எழுத்தில் நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆரணியும் இதே வேலைக்குப் போவாள் என்று நான் நினைக்கவில்லை, விரும்பவுமில்லை. “நீங்கள் போனா வேலை, நான் போனா விசரோ?” என்று கேட்டாள். என் வேலையைப் பைத்தியக்காரத்தனம் என்று நானே சொல்ல முடியுமா? அவள் சேர்ந்த காலத்தில் வேலையும் மாறிவிட்டது. கோடுகளை இப்போது மென்பொருள் போடுகிறது. நாங்கள் ஒரு வாரம் இருந்து கீறியதை விமானம் இறங்குமுன் கீறிவிடும். அது நல்லதுதான், என் கண்களைக் கேட்டால் எப்போதோ வந்திருக்கலாம் என்று சொல்லும். ஆனால் பாறை மேட்டுக்குப் பக்கத்தில், ஆழமில்லாத இடத்தில் ஒரு கோடு வந்தால், பக்கத்து எதிரொலி என்று மென்பொருள் தானே அழித்துவிடும். நானும் அன்று அதைத்தான் செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம். விமானம் எங்கே போகிறது என்பதை இணையத்தில் ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். ஆரணி பறக்கும் நாட்களில் அந்தப் பக்கம் என் தொலைபேசியில் திறந்தே இருக்கும். பயித்தங்காய் முறித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். தளத்தை நோக்கி வந்த புள்ளி பாதியில் திரும்பியது. தளத்தை மூடுபனி மூடிவிட்டது என்பது பிறகுதான் தெரியும். புள்ளி ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் தாழ இறங்கி நேராக ஒரு கோடு போனது. மரக்கறிப் பையோடு வந்த கணவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா இது, சுத்துது? பெற்றோல் முடிஞ்சுபோச்சோ?”

புள்ளி வளைந்து திரும்பியது. பக்கத்திலிருந்த உயர எண் கூடியது. பிறகு, போன அதே கோட்டிலேயே, மேலால், இன்னொரு தரம் போனது.

என் கையிலிருந்த பயித்தங்காய் கீழே விழுந்தது. இறங்க இடம் தேடுகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பயத்தோடு கூடவே இன்னொன்றும் விளங்கியது. வானத்தில் தடுமாறுகிற விமானம் அப்படிப் போகாது. அதற்குள் ஒருத்தி இருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

“இல்லையப்பா,” என்றேன். “உயரத்தை மாத்திப் பாக்கிறாள்.”

அவர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் இருபது வருடமாக அந்தக் கதையைக் கேட்டவர். கதிரையை இழுத்து இருந்தார். புள்ளி அந்த இடத்தில் இறங்கவில்லை. விலகி, வேறொரு சரிவுக்குப் போய்த் தாழ்ந்தது. நின்றது. பிறகு அணைந்தது.

அதற்குப் பிறகு வந்த நேரத்தைப் பற்றி என்னால் சரியாக எழுத முடியவில்லை. அவளுடைய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். கடைசி இடம் தெரியும், குரல் கிடைத்ததும் அறிவிக்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அந்த மரியாதை எனக்குத் தெரியும், நானும் மற்றவர்களின் தாய்மாருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். கணவர் சப்பாத்தைப் போட்டார். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். கழற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போட்டார். எனக்கு மால்கமின் நினைவு வந்தது. எங்கேயிருந்து வருகிறது என்று கேட்க ஓர் எதிரொலியாவது வரட்டும் என்று இருந்தேன். வெளியே தமிழ்ப் பள்ளிவிட்டுப் பிள்ளைகள் புத்தகப் பையோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

தொலைபேசி அடித்தபோது தெரியாத இலக்கம். இரைச்சல். பிறகு அவள் குரல், ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு ஓர் இடைவெளியோடு. எல்லோரும் ஓகே, விமானமும் ஓகே, மூடுபனி விலகும் வரைக்கும் இருக்க வேண்டியதுதான் என்றாள். குளிரில் செயற்கைக்கோள் தொலைபேசியின் பற்றரி செத்துப்போய்விட்டதாம். அதை உள்சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி எடுக்க இவ்வளவு நேரமாம். முதலில் பார்த்த இடத்தில் மென்பொருள் ஒன்றும் இல்லை என்று காட்டியிருக்கிறது. அவள் மென்பொருள் தொடாத மூலப் படத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். மெல்லிய ஒரு கோடு. விமானியிடம் இன்னொரு தரம் உயரத்தில் போகச் சொல்லியிருக்கிறாள்.

“எரிபொருள் கொஞ்சமா இருக்கேக்கை ஏன் வீணாக்கிறாய் எண்டு கேட்டார், அம்மா. ஒரு காலத்திலை எங்கட அம்மா ஓம் எண்டு சொன்னவா, அதாலைதான் எண்டன். பாவம், அவருக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனா போனார்.”

கோடு அசையவில்லையாம். அந்த இடத்து மேலோடு தாங்கியிருக்கலாம், தாங்காமலும் விட்டிருக்கலாம். அது யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் வேண்டாம்.

அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், யாருக்கெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன் என்று. மற்றவர்கள் போதும் என்று சொன்ன இடத்தில் நிறுத்தாத மால்கமுக்கு. பிழையாகக் கேட்ட கார்லின் காதுக்கு. கேட்காமல் திரும்பிய அவருடைய மரியாதைக்கு. அன்று காலையில் என்னோடு கோபித்துக்கொண்டு, என் நாக்கைத் தமிழிலேயே வைத்திருந்த ஆறு வயதுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். மால்கம் இப்போது வடக்கே ஒரு தீவில் இருக்கிறார். அவருக்கு இதை இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை முடித்ததும் சொல்லுவேன்.

பற்றரி முடியப் போகிறது என்றாள் ஆரணி. கேட்க எவ்வளவோ இருந்தது. சாப்பிட்டாயா, குளிருதா, பயந்தாயா. கணவர் ஒரு காலில் சப்பாத்தோடு என் பக்கத்தில் நின்றார். நான் ஒன்றை மட்டும் கேட்டேன்.

“மூடுபனி வெளிச்சதும் வீட்டை வாறியா பிள்ளை?”

இடைவெளி. இரைச்சல். பிறகு, ஆங்கிலத்தில் ‘யா’ என்று சொல்லிப் பழகிய என் மகள் அந்தச் சொல்லைச் சொன்னாள்.

“ஓம்.”

அது எனக்கு இரண்டு மொழியிலும் கேட்டது.